கழற்றிப் பார்த்தவர்கள்



கோவையில் பொறியியல் கல்லூரி மேடை ஏறுகிறவர்கள் ஜி.டி. நாயுடு பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. எனக்கு அதில் ஒரு சங்கடம். 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் இங்கே தொழில்நுட்பக் கல்லூரி வரக் காரணமாக இருந்தவர் அவர். அதன் முதல்வராகவும் இருந்தார். நாலு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்றார். அரசு ஒப்புக்கொள்ளவில்லை; விலகிவிட்டார். நாலு வருடத்தையும் முடித்து, இந்த வெயிலில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டிருக்கும் உங்களிடம் அவரை நான் எப்படிப் புகழ்வது?

இருந்தாலும் சொல்கிறேன். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வருவதைப் பார்க்கிறார். மாடு பூட்டவில்லை, பெடல் மிதிக்கவில்லை, வண்டி ஓடுகிறது. எப்படி? அந்த ஒரு கேள்விக்காகக் கோவைக்கு வந்து ஓட்டலில் சப்ளையர் வேலை பார்த்து, காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு மோட்டார் சைக்கிள் வாங்கினார். வேறு யாராவது என்றால் ஊர் சுற்றியிருப்பார்கள். இவர் அக்கக்காகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து எலெக்ட்ரிக் மோட்டார் செய்தார். பஸ் கம்பெனி நடத்தவேண்டும் என்ற கனவோடு அவர் ஓட்டலில் தட்டு எடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மனதுக்குப் பிடித்தது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அதையே தொழிலாக்குங்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். இருபத்தோரு வயதில் எனக்குப் பிடித்திருந்தது சினிமாவும் பரோட்டாவும்தான். அதை நம்பியிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று என் அம்மாவைக் கேளுங்கள்.

அருணாசலம் முருகானந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதே கோவையின் வெல்டிங் பட்டறைக்காரர். 1998-ல் கல்யாணம். மனைவி எதையோ மறைத்து எடுத்துப் போகிறார். பார்த்தால் மாதவிலக்குக்கான பழைய துணி. கடையில் போய் நாப்கின் வாங்குகிறார். கையில் வைத்தால் கனமே இல்லை. பத்துக் காசு பெறாத பஞ்சை நாலு ரூபாய்க்கா விற்கிறார்கள்? பஞ்சாலை ஊர்க்காரர், கணக்கு உறுத்துகிறது. பஞ்சு வாங்கித் தானே தைத்துக் கொடுக்கிறார். ஆகவே ஆகாது என்கிறார் மனைவி. சோதித்துப் பார்க்க யாரும் கிடைக்காமல், கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தத்தை நிரப்பித் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார். ஊர் சிரித்தது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார். அம்மாவும் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

உள்ளே இருப்பது பஞ்சே இல்லை என்று அவர் கண்டுபிடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அது மரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோஸ் நார். பஞ்சு உறிஞ்சும், அமுக்கினால் விட்டுவிடும். இது பிடித்து வைத்துக்கொள்ளும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அட்டை போல் வரும் அந்த நாரை உதிர்க்க வெளிநாட்டு இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. சமையலறை கிரைண்டர் மாதிரி ஒன்றை அவரே செய்தார். மொத்த இயந்திரத்தையும் ஒரு லட்சத்துக்குள் முடித்து, பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். 2016-ல் பத்மஸ்ரீ. மனைவி அதற்கு முன்பே திரும்பி வந்திருந்தார். பத்மஸ்ரீயைவிட அது பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

அவருக்கு நாப்கின் மேல் பிறவியிலேயே பற்று இருந்ததா? ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. வெறி பின்னால், தோற்கத் தோற்க வந்து ஒட்டிக்கொண்டது.

என் பம்புப் பட்டறை சங்கதியும் ஒன்று. ஆரம்பத்தில் நாங்கள் விற்ற போர்வெல் பம்புகள் வரிசையாக வைண்டிங் கருகித் திரும்பி வந்தன. செம்புக் கம்பி மட்டம் என்று வியாபாரியிடம் சண்டை போட்டேன். கம்பியை மாற்றினேன். அப்புறமும் கருகியது. கடைசியில் பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில், கயிற்றுக் கட்டிலில் ராத்திரி தங்கினேன். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் தானாக மோட்டாரைப் போட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை. மோட்டார் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. தோட்டக்காரரை எழுப்பினால், "அது பாட்டுக்கு ஓடுமுங்க" என்றார். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்தக் கட்டிலில்தான். அதுவரை எனக்குப் பம்பின் மேல் ஒரு பிரியமும் கிடையாது. அப்பாவின் கடன் இருந்தது, அவ்வளவுதான். விடிந்து ஊர் திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கிற பம்பை டிக்கெட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டு வந்தேன்.

இப்போதும் எங்கள் பட்டறை மூலையில் திரும்பி வந்த பம்புகள் பதினொன்று கிடக்கின்றன. ஒன்பதுக்குக் காரணம் தெரியும். மீதி இரண்டில் பேரிங் மூன்றே மாதத்தில் ஏன் போகிறது என்று எங்கள் ஃபோர்மேனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறையில் வேலை குறைவு. ஸ்பேனர் நாங்கள் தருகிறோம். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.