பாட்டிக்குப் பென்ஷன், பேரனுக்குப் பால்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசின் நலத்திட்டங்களைப் பற்றிப் பேசு என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். நான் பத்தாவது தேறிய ரயில்வே குமாஸ்தா. பொருளாதாரம் எனக்குத் தெரியாது. ஆனால் பல வருஷமாக நம் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். எந்த மனு ஜன்னலுக்கு உள்ளே போகிறது, எது ஏன் திரும்பி வருகிறது என்பது தெரியும். அந்த அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். வயது அறுபத்தேழு. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தவர். நாற்பது வருஷமாக இட்லி வியாபாரம். கணவர் இல்லை, மகன் இல்லை. மகளும் தாலியறுத்துவிட்டு, இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். பேரப்பிள்ளைகள் இருவர், சின்னவனுக்கு மூன்று வயது. மகாராஷ்டிர அரசின் சிராவண்பால் முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதிக் கொடு தம்பி என்றார். "அந்தக் காசு எனக்கில்லே. சின்னவனுக்குப் பாலுக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இன்றைய விஷயம் அத்தனையும் இருக்கிறது. சர்க்காரின் கணக்கில் முதியோர் ஒரு இலாகா, குழந்தை வேறொரு இலாகா, ரேஷன் மூன்றாவது இலாகா. நம் வீட்டில் எல்லாருக்கும் ஒரே பானை. பாட்டிக்குப் பணம் வந்தால் பேரன் தட்டில் விழும். வராவிட்டால் முதலில் குறைவது பேரனின் பால்தான். குழந்தை வறுமையை ஒழிப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள் கிழவிகளின் பென்ஷனைப் பற்றிப் பேசாமல் நழுவுவது எனக்கு விளங்குவதே இல்லை.

மனுவின் கதைக்கு வருகிறேன். முதலில் கேட்டது, இந்த மாநிலத்தில் 15 வருஷம் குடியிருந்ததற்கு அத்தாட்சி. நாற்பது வருஷம் இங்கே ஆவி பறக்க இட்லி அவித்தவரிடம் காகிதம் இல்லை. குடியிருப்பது வாடகைக் கோலி. லைட் பில் சொந்தக்காரர் பேரில். ரேஷன் கார்டு ஊரில் அண்ணன் வீட்டில். கடைசியில் பழைய வாக்காளர் பட்டியலைத் தேடி, பெயரைக் கண்டுபிடித்து, அதை வைத்தோம். அடுத்தது வருமானச் சான்று. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 1,750 ரூபாய்! இந்த ஊரில் அந்தக் காசுக்கு ஒரு கோலியின் வாடகை கூடக் கட்ட முடியாது. ஜன்னலில் இருந்தவர், "இட்லி விற்கிறாயே, அப்புறம் எப்படி ஆதரவற்றவள்?" என்று கேட்டாராம். அந்த மனிதரை நான் குறை சொல்லமாட்டேன். நானும் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவன்தான். அவர் கையில் இருக்கும் விதி அப்படி. விதியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும். 21,000 என்று எழுதிவிட்டு, பருப்பு விலை ஏறும்போது எழுதியதை ஏன் திருத்தவில்லை?

தொகை என்ன? 2023 முதல் மாதம் 1,500 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை, 200 ரூபாய். தேசிய சமூக உதவித் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று 75 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 200 ஆனது. எண்பது வயதானவர்களுக்கு 2011-ல் 500 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு அந்த 200 அப்படியே நிற்கிறது. நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. நம் தமிழ்நாட்டில் 1962-ல் முதியோர் பென்ஷனை 20 ரூபாயில் தொடங்கினார்கள். 2023-ல் 1,200 ஆயிற்று. மாநிலங்கள் கொஞ்சமாவது ஏற்றுகின்றன. டில்லி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

நீ ரயில்வே ஆள், உனக்கென்ன கவலை என்று சிலர் நினைக்கலாம். என் பக்கத்து மேசைக்காரர் 2003-ல் சேர்ந்தார். அவருக்குப் பழைய பென்ஷன். நான் 2005-ல் சேர்ந்தேன்; 2004 ஜனவரி 1-க்குப் பிறகு வந்தவன் என்பதால் புதிய பென்ஷன். இரண்டு வருஷம் முந்தியவர் சம்பளத்தில் பென்ஷனுக்குப் பிடித்தமில்லை. என் சம்பளத்தில் மாதா மாதம் பத்து சதவீதம் பிடித்துச் சந்தையில் போடுகிறார்கள். சங்கங்கள் இருபது வருஷம் கத்தியதில், 2025 ஏப்ரல் முதல் வேறொரு திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பத்து வருஷம் வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்றார்கள். அதிலும் எங்களுக்குக் குறை உண்டு, அது இருக்கட்டும். ஆனால் நான் சுத்தம் செய்யச் சொல்லும் அதே பிளாட்பாரத்தை ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குப் பெருக்கும் நம் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பி.எஃப். பிடித்திருந்தால், பத்து வருஷம் சேர்ந்திருந்தால், 1995-ஆம் வருஷப் பென்ஷன் திட்டத்தில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். அந்த ஆயிரம் 2014-ல் வைத்தது. சங்கம் உள்ளவனுக்குப் பத்தாயிரம், சங்கம் இல்லாதவளுக்கு ஆயிரம், ஒன்றுமே இல்லாத கிழவிக்கு டில்லியின் இருநூறு. கத்தத் தெரிந்தவனுக்குத்தான் சோறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது.

பி.எஃப். விஷயத்தில் நம்மவர் மேலும் குற்றம் உண்டு. ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் பணத்தை வழித்து எடுத்துவிடுகிறோம். கல்யாணம், வைத்தியம், தெரியாததல்ல. ஆனால் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், நாலு வருஷம், மூன்று வருஷம் என்று உழைத்ததெல்லாம் தண்ணீரில் கரைந்துவிடும். பத்து வருஷம் ஒன்று சேராது. பென்ஷன் பங்கை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கலாம். அடுத்த வேலையில் சேர்வீஸ் தொடரும். ஒப்பந்தக்காரர் பி.எஃப். கட்டாவிட்டால், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. இதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். தனியாகச் சொன்னால் போகும்தான். அதற்குத்தானே சங்கம்?

இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளுக்கு பி.எஃப். சட்டமே கிடையாது. தோல் பட்டறை, பை தைக்கும் பட்டறை எல்லாம் பத்துப் பேர், பன்னிரண்டு பேர். அவர்களுக்கு 2019-ல் ஒரு திட்டம் வந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்து மாதம் 55 ரூபாய் கட்டினால், அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாயாம். நாற்பத்திரண்டு வருஷம் கழித்து மூவாயிரத்துக்கு எத்தனை இட்லி வாங்கலாம் என்று அந்த அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

இப்போது குழந்தைகள். 1956-ல் காமராசர் பள்ளியில் மதியச் சோறு போட்டார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். நம்மில் பலர் அந்தச் சோற்றில் படித்தவர்கள். நாடு முழுவதும் சமைத்த சோறு போட வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகுதான் பல மாநிலங்கள் அசைந்தன. இங்கே மாநகராட்சிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை அந்தச் சோறு உண்டு. ஆனால் நம் பிள்ளைகளை மாதம் எண்ணூறு, ஆயிரம் கொடுத்து, இங்கிலீஷ் போர்டு மாட்டிய மாடிப்படிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். சோறும் போயிற்று, தமிழும் போயிற்று. இங்கிலீஷாவது வந்ததா என்றால் அதுவும் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், என் வீட்டிலும் இந்தச் சண்டை நடந்தது.

ஆறு வயதுக்குள் உள்ளவர்களுக்கு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் 33 இடங்களில் தொடங்கியது. அங்கே ரேஷன் கார்டு கேட்கக்கூடாது, மாநிலம் கேட்கக்கூடாது. வாடகைக்கு இருக்கும் பிள்ளையும் பிள்ளைதான். நம் புதுக் குடியிருப்பில் அங்கன்வாடி இல்லை என்று தாய்மார்கள் சொல்கிறீர்கள். 2006 டிசம்பர் 13-ல் உச்சநீதிமன்றம் சொன்னது இது: ஆறு வயதுக்குட்பட்ட நாற்பது குழந்தைகள் இருக்கும் குடிசைப் பகுதியில் மக்கள் கேட்டால், மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி திறக்க வேண்டும். சோறில்லாமல் ஜனங்கள் செத்தபோது கிடங்கில் தானியம் மக்குவதைக் கண்டு, ராஜஸ்தானில் இருந்து மக்கள் சிவில் உரிமைக் கழகத்தார் 2001-ல் தொடுத்த வழக்கில் வந்த உத்தரவு. நம் இரண்டு சந்துகளில் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது எண்ணியிருக்கிறோமா?

ரேஷன் கார்டு கதை தனிக் கதை. ஊர்க் கார்டை விடமாட்டோம்; பொங்கல் பரிசு வரும், இலவச அரிசி வரும். இங்கே கார்டு எடுக்கமாட்டோம். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஒரே நாடு ஒரே ரேஷன் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது. ஆனால் அது 2013 உணவுச் சட்டத்தின் கீழ் வரும் கார்டுக்கு மட்டும். ஆளுக்கு ஐந்து கிலோ தானியம் இங்கே வாங்கலாம்; தமிழ்நாடு தன் பணத்தில் கொடுக்கும் மற்றதெல்லாம் இங்கே வராது. முன்னுரிமை இல்லாத கார்டுக்கு அந்த ஐந்து கிலோவும் இல்லை. ஊருக்குப் போய் உங்கள் கார்டில் என்ன எழுத்து இருக்கிறது என்று முதலில் பாருங்கள். புதிதாக இங்கே கேட்டால், வருஷ வருமானம் 59,000-க்குள் என்கிறார்கள். இடமில்லை என்றும் சொல்கிறார்கள். ஏனென்றால் எத்தனை பேருக்கு என்பதை 2011 ஜனக்கணக்கை வைத்து நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கும் போய்விட்டார்கள், ரேஷன் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை.

இன்னொன்று. நம்மில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியார் என்பதை மறைப்பானேன்? 1950 ஆகஸ்ட் 10-க்குப் பிறகு இந்த மாநிலத்துக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, இங்கே பிறந்து இங்கே படித்தாலும், இந்த மாநிலத்தின் சலுகைக்குத் தாழ்த்தப்பட்டவன் அல்ல. 1990-லும் 1994-லும் உச்சநீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது. ஊரில் தேநீர்க் கடையில் அவனுக்குச் சாதி உண்டு, இங்கே உதவித்தொகை ஜன்னலில் இல்லை. மத்திய அரசு வேலைக்கு அந்தச் சான்று செல்லும் என்பதால் அதை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். தீர்ப்பை மாற்றுவது நம் சங்கத்தின் கையில் இல்லை. நாடாளுமன்றத்தின் கையில் இருக்கிறது. ஓட்டுக் கேட்டு இந்தச் சந்துக்கு வருகிறவர்களிடம் இந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அந்த அம்மாவின் மனு இன்னும் முடியவில்லை. வருமானச் சான்றுக்கு மூன்றாம் முறையாக வரும் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அன்று பகல் டியூட்டி. மராத்தி பேசத் தெரிந்த, அரை நாள் கூலியை விடக்கூடிய ஒருவர் கூடப் போக வேண்டும். அந்த அரை நாள் கூலியைச் சங்க நிதியிலிருந்து தரலாம் என்று செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்கன்வாடிக்கான கணக்கு நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. ஆறு வயதுக்குள் பிள்ளை உள்ள தாய்மார்கள் பெயரும் வயதும் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். நேற்று வரை முப்பத்தொரு பெயர்.