நம் தொழிலுக்கு இன்ஸ்டாகிராம் தேவைதானா?
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வரி ஆலோசகனை மேடையில் ஏற்றினால் ஜி.எஸ்.டி.யைத்தான் பேசுவான் என்று சிலர் பயந்திருப்பீர்கள். அதுவும் கொஞ்சம் வரும், தப்பிக்க முடியாது. ஆனால் இன்றைய பொருள் வேறு. என்னிடம் கணக்குப் பார்க்க வருகிற வியாபாரிகள், வேலை முடிந்து செருப்பைப் போடும்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "சார், எல்லாரும் இன்ஸ்டாகிராம்ல படம் போடுறாங்க. நாமளும் போடணுமா? மாசம் 15,000 கேக்குறாங்க." சிறிய கடைக்கு அது ஓர் ஆளின் சம்பளம். ஆகவே விளையாட்டாகப் பதில் சொல்லிவிட முடியாது.

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் வந்தது. 2012-ல் ஃபேஸ்புக் நிறுவனம் அதை வாங்கியது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே 'ரீல்ஸ்' என்ற குறும்படப் பகுதி இங்கே அறிமுகமானது. அதற்குப் பிறகுதான் நம்ம ஊர்க் கடைத்தெருவிலும் இந்தப் பேச்சு பலமாகக் கிளம்பியது.

நான் அவர்களிடம் ஒன்றுதான் கேட்பேன். உங்கள் கடைக்கு வருகிறவர் முதலில் என்ன சொல்கிறார்? "காட்டுங்க" என்கிறாரா, "இருக்கா?" என்கிறாரா?

மதுரைச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலைக் கடையில் முதல் வார்த்தையே "காட்டுங்க"தான். சுங்குடியில் அதற்கு மேலும் ஒரு வசதி இருக்கிறது. முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்து உலர்த்திய துணியை இழுத்துப் பிரிக்கும்போது, முடிச்சுகள் படபடவென்று விடுபட்டு வெள்ளைப் புள்ளிகள் வெளிப்படும். அந்தக் காட்சியை அரை நிமிடம் படம் பிடித்துப் போட்டால் போதும், வேறு விளம்பரம் வேண்டாம். இது கையால் போட்ட புள்ளியா, அச்சில் அடித்த புள்ளியா என்று வாங்குகிறவருக்கு இருக்கும் சந்தேகமும் தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட வியாபாரி போடாமல் இருப்பதுதான் நஷ்டம்.

ஆனால் போர் மோட்டார் உதிரிபாகக் கடைக்காரர்? மோட்டார் புகைந்துபோன விவசாயி அழகான படமா பார்த்துக்கொண்டிருப்பார்? மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மெக்கானிக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த அளவு புஷ் இருக்கா?" என்பார். இருப்பும் விலையும் கொஞ்சம் கடன் வசதியும்தான் அங்கே வியாபாரம். வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் படத்துக்கு வேலை உண்டு. ஆனால் படம் எதிர்த்திசையில் போகிறது. மெக்கானிக் தேய்ந்துபோன சாமானைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், கடைக்காரர் பார்த்துவிட்டு எடுத்து வைக்கிறார். இவர் 15,000 ரூபாயை அலமாரியில் சரக்காக வைக்கட்டும் என்பேன்.

நடுவில் நிற்கிற தொழில்கள்தான் தலைவலி. மெஸ் நடத்துகிற நண்பரின் கறிதோசைப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் 'லைக்' விழுகிறது. பார்த்தவர் பெங்களூரில் இருந்தால் நம்ம ஊர்ப் பெஞ்சு நிறையுமா? தொழில் கணக்காக மாற்றிக்கொண்டால், அதற்குக் கட்டணம் கிடையாது, பின்தொடர்கிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று அதுவே காட்டும். அதைப் பார்க்காமல் லைக்கை எண்ணுவதில் பயனில்லை. பசியோடு ஊருக்குள் வருகிறவர் கூகுள் வரைபடத்தில்தான் தேடுவார். அங்கே கடையின் இடமும் திறக்கும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன்: எல்லா மிளகாய்ப் பொடியும் படத்தில் ஒரே சிவப்புதான். வறுப்பதையும் அரைப்பதையும் காட்டினால்தான் நம்பிக்கை வரும். அதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண் கையில் இருக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல், மர வேலைப்பாடு என்று வீடு கட்டுகிறவர்களுக்கு விற்பவர்கள் பின்ட்ரெஸ்ட்டையும் பார்க்கலாம். அங்கே யோசனை தேடி வருகிறவர்கள் அதிகம். போன வருடம் போட்ட படம்கூடத் தேடலில் அகப்படும்.

இனி நான் சொன்ன ஜி.எஸ்.டி. வெளி மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். கைவினைப் பொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. மும்பையிலிருந்து ஆர்டர் வந்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடாதீர்கள். ஜவுளிக்காரர்களுக்கு இன்னொன்று: செல்போன் திரையில் தெரிகிற நிறம் வேறு, பகல் வெளிச்சத்தில் தெரிகிற நிறம் வேறு. சேலை திரும்பி வந்தால் கூரியர் செலவு யார் தலையில் என்று முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

வாடிக்கையாளரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கி உங்கள் நோட்டிலும் குறித்து வையுங்கள். டிக்டாக்கை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2020-ல் ஒரே இரவில் கடை மூடிய மாதிரி ஆயிற்று. அந்த இடம் நமக்குச் சொந்தமில்லை, வாடகைச் சீட்டுகூடக் கிடையாது.

ஆரம்பிக்கிறவர்கள் மூன்று மாதம் பாருங்கள். ஒவ்வொரு பில்லிலும் ஓரமாக, "எப்படி வந்தீங்க?" என்று கேட்டு ஒரு எழுத்துக் குறியுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிகளை எண்ணினால், ஏஜென்சிக்காரர் தரும் அறிக்கையைவிடத் தெளிவாக விளங்கும்.

மாணவர்களில் பலர் பகுதிநேரமாகக் கடைகளுக்குப் படம் எடுத்துத் தருவதாகக் கேள்விப்பட்டேன். நல்லது, செய்யுங்கள் தம்பிகளே, தங்கைகளே. சம்பளம் பேசும் முன்னால் ஒரு முழு நாள் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். "இருக்கா?" என்ற சத்தமே நாள் முழுக்கக் கேட்டால், முதலாளியிடம் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். அந்த வேலை போனாலும், அவரே அடுத்த கடைக்கு உங்களைச் சிபாரிசு செய்வார்.

பந்தி தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார். மீதிக் கேள்விகளை இலையில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம்.