புத்தகத்தில் இடம்பெறாத தம்பி



பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்கே நிலம் தேடிப் போன குடும்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு குடும்பத்தைத்தான் பேசப் போகிறேன். தந்தை சார்லஸ் இங்கல்ஸ், தாய் கரோலைன். கூண்டு வண்டியில் ஊர் ஊராகப் போன தன் பிள்ளைப் பருவத்தைக் கதைகளாக்கி உலகக் குழந்தைகளுக்குக் கொடுத்த லாரா இங்கல்ஸ் வைல்டர், இவர்களுடைய இரண்டாவது மகள். 1867இல் விஸ்கான்சினில் பிறந்தவர். முதல் புத்தகம் 1932இல் வந்தபோது அவருக்கு வயது 65.

அந்தப் புத்தகங்களை உயிராய் நேசிக்கிறவன் நான். இனிச் சொல்லப்போவதையும் அந்த நேசத்தோடுதான் சொல்கிறேன்.

டகோட்டாவில் டி ஸ்மெட் என்று ஒரு புத்தம்புது ஊரில் அந்தக் குடும்பம் இருந்தது. 1880இல் அக்டோபரிலேயே பனிப்புயல் தொடங்கிவிட்டது. ஜனவரியில் நின்ற ரயில் மே மாதம்தான் மறுபடி வந்தது. நிலக்கரி தீர்ந்துபோயிற்று. கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. விறகுக்கு வெட்ட மரம் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? காய்ந்த புல்லைக் கயிறு திரிப்பதுபோல் இறுக முறுக்கி, மடித்து, அடுப்பில் போட்டார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அதனால் வீட்டில் யாராவது நாளெல்லாம் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 13 வயது லாரா அப்பாவோடு நின்று முறுக்கினாள்; புல் உள்ளங்கையை அறுத்தது. மாவு தீர்ந்ததும், காப்பிக்கொட்டை அரைக்கும் சின்னக் கை இயந்திரத்தில் கோதுமையைப் போட்டு ஆள் மாற்றி ஆள் சுற்றினார்கள். முந்தைய ஆண்டுதான் பார்வை இழந்திருந்த அக்கா மேரியும் உட்கார்ந்து சுற்றினாள். அந்த ரொட்டியில்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. இல்லாததும் ஒன்று உண்டு. லாராவுக்கு ஒரு தம்பி இருந்தான்.

மினசோட்டாவில் வால்நட் குரோவ் என்ற ஊரில் இருந்தபோது வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து விளைச்சலைத் தின்றுதீர்த்தது. அந்தக் கடன்பட்ட காலத்தில், 1875 நவம்பரில் பிறந்தவன் ஃபிரெடி. 1876இல் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பி அயோவாவுக்குப் போகும் வழியில், ஆகஸ்ட் 27ஆம் தேதி, ஒன்பது மாதக் குழந்தையாக இறந்துபோனான். புதைத்துவிட்டு வண்டி கட்டினார்கள். அயோவாவில் ஒரு ஓட்டலில் வேலை பார்த்துக் காலம் தள்ளினார்கள். அந்தத் தம்பியும் அந்த ஓட்டல் வாழ்க்கையும் கதைகளில் ஒரு வரியாகக்கூட வரவில்லை.

இதைவிடப் பெரிய மௌனம் ஒன்றும் உண்டு. 1869இல் சார்லஸ் கான்சாஸுக்குப் போய் வீடு கட்டினார். அந்த மண் யாருடையது? ஓசேஜ் பழங்குடியினருக்கு ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்ட நிலம் அது. சட்டப்படி அங்கே குடியேற அவருக்கு உரிமையே கிடையாது. அவர் ஒருவர் மட்டுமல்ல, ஆயிரக்கணக்கானோர் அப்படிப் புகுந்தார்கள். 1870இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதன்படி ஓசேஜ் மக்கள் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வேண்டியதாயிற்று. அரசாங்கம் தங்களை விரட்டப் போகிறது என்று எண்ணி இங்கல்ஸ் குடும்பம் வெளியேறியதாகக் கதை சொல்லும். உண்மையில், விஸ்கான்சினில் அவர்கள் விற்றுவிட்டு வந்த பண்ணையை வாங்கியவரால் பணம் கட்ட முடியவில்லை. அதனால் 1871இல் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு பண்ணை இருந்தது. ஓசேஜ் மக்களுக்கு எது இருந்தது?

லாராவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. அவர் 1930இல் பென்சிலால் எழுதிய தன்வரலாறு ஒன்று உண்டு, ‘பயனியர் கேர்ள்’. அதில் ஃபிரெடி இருக்கிறான், அந்த ஓட்டலும் இருக்கிறது. அன்றைக்குப் பதிப்பிக்க ஆள் இல்லை. அதன் பிறகுதான் அதையே குழந்தைக் கதைகளாக மாற்றினார். மூலப்பிரதி 2014இல்தான் விரிவான குறிப்புகளோடு அச்சேறியது.

நூலகப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கதைப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியிலேயே ‘பயனியர் கேர்ள்’ நூலையும் வையுங்கள். ஓசேஜ் மக்கள் எழுதிய வரலாறு ஒன்றையாவது வாங்கி அதன் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை எடுக்க வரும் பிள்ளையின் கையில் மற்றவையும் தட்டுப்படட்டும்.