‘பில் வந்ததும் தருகிறேன்’: உள்ஒப்பந்தமும் கூலியும் சாதியும்



அண்ணனின் நினைவாக நடக்கும் இந்த உரையில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இம்முறை கட்டடத் தொழிலில் பணம் எப்படிக் கைமாறுகிறது, எந்தக் கையில் நின்றுபோகிறது என்பதைப் பேச வந்திருக்கிறோம். அண்ணன் எழுத வருவதற்கு முன் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளுக்கு நடுவே ஒரு கூலி நோட்டும் இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் வரவேண்டிய பாக்கிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. அவரது கதைகளைப் படித்து விவாதித்த நாம் அந்தப் பக்கத்தைப் படிக்கத் தவறிவிட்டோம்.

ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். முதல் போடுபவர் வேலையை ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறார். நிறுவனம் ஒப்பந்ததாரரிடம் விடுகிறது. அவர் சென்ட்ரிங், கம்பி, கட்டு வேலை, பூச்சு எனப் பிரித்து லேபர் கான்ட்ராக்டில் விடுகிறார். அதை எடுப்பவர் மேஸ்திரி. சதுரடிக்கு இவ்வளவு, டன்னுக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சோடு சரி. மேஸ்திரிக்குக் கீழே கொத்தனார், பெரியாள், எல்லோருக்கும் கீழே சித்தாள். பணமும் இதே படிகளில்தான் இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஒரே பதில் காத்திருக்கிறது: ‘பில் வந்ததும் தருகிறேன்.’

பில் வந்தாலும் முழுசாக வராது. தளத்தின் சதுரடியை மட்டும் அளப்பதா, தூண், உத்தரம் என்று பலகை படும் பரப்பையெல்லாம் அளப்பதா என்பதில் முதல் தகராறு. சைட் இன்ஜினியரின் அளவுக்கும் மேஸ்திரியின் அளவுக்கும் நடுவே பல நாள் கூலி காணாமல் போகும். நூற்றுக்கு ஐந்து என்று பிடித்துவைத்து, பழுதுக்காலம் முடிந்தபின் தருவோம் என்பார்கள். அதற்குள் மேஸ்திரி வேறு ஊரில் வேலையில் இருப்பார். ஜாக்கி தொலைந்தது, பலகை உடைந்தது, காங்கிரீட்டில் ஹனிகோம்ப் விழுந்தது என்று கழிவுகள் தனி. மேலே இருப்பவருக்கு வங்கியில் ஓவர்டிராப்ட் இருக்கிறது. மேஸ்திரிக்கு இருப்பது மனைவியின் நகையும் அடகுக் கடையும். பணம் மூன்று மாதம் தாமதமானால், அந்த மூன்று மாதமும் சித்தாளின் கூலி, நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடனாக ஓடுகிறது. கடன் கொடுப்பவர் ஏழை, வாங்குபவர் பணக்காரர். இப்படியொரு கடனை வேறு எந்தத் தொழிலிலும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடியாது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். ஒப்பந்ததாரராகப் பதிவு செய்ய வைப்புத்தொகை வேண்டும், வங்கி உத்தரவாதம் வேண்டும், அடமானம் வைக்கச் சொத்து வேண்டும். நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடம் இவை இருக்கின்றன. நம்மவரிடம் இருப்பது ஆட்களைத் திரட்டும் திறன். அதனால் சேரியிலிருந்து வரும் மேஸ்திரி, ஆள் கூட்டி வருபவராகவே நிறுத்தப்படுகிறார். கேட்க வேண்டிய இடத்திலும் அதே கதைதான். ஒப்பந்ததாரர் ஊர்க்காரர் என்றால், எழுத்தில் கேட்பதையே நம்பிக்கைத் துரோகம் என்பார்கள். ‘உன்னை வளர்த்துவிட்டதே நான்தான்’ என்ற சொல்லுக்கு முன்னால் எந்த அளவுப் புத்தகமும் எடுபடாது.

சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சென்ட்ரிங் மேஸ்திரிக்காக நாங்கள் அலைந்தோம். அவரிடம் 23 பேர் வேலை செய்தார்கள், எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். இரண்டு தளம் முடிந்தபின் ஒப்பந்ததாரர் கையை விரித்துவிட்டார். காவல் நிலையம் போனோம், ‘இது சிவில் விவகாரம்’ என்றார்கள். தொழிலாளர் துறை அலுவலகம் போனோம், ‘நீங்கள் தொழிலாளி இல்லை, கான்ட்ராக்டர்’ என்றார்கள். வழக்கறிஞரிடம் போனோம், ‘அக்ரிமென்ட் எங்கே?’ என்றார். மூன்று இடத்திலும் மேஸ்திரி வேறு வேறு ஆளாக இருந்தார். எந்த இடத்திலும் பணம் பெற வேண்டியவராக மட்டும் இல்லை.

சட்டங்களைப் புரட்டியபோது ஒன்று தெளிவானது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. ஆனால் அதற்கு முறையான பதிவு வேண்டும். கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அது பொருந்துமா என்பதே நீதிமன்றங்களில் வாதமாக இருந்துவருகிறது. பிரிட்டனில் ‘எனக்கு வந்தால்தான் உனக்கு’ என்ற நிபந்தனையை, மேலே உள்ளவர் திவாலான நிலை தவிர, செல்லாததாக்கி 1996லேயே சட்டம் வந்தது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

நமக்குக் கைகொடுத்தது 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும், பிறகு ஒப்பந்ததாரரிடம் கழித்துக்கொள்ளலாம் என்றது அதன் 21ஆம் பிரிவு. மேஸ்திரியின் பில்லாகக் கேட்டவரை எந்தக் கதவும் திறக்கவில்லை. 23 பேரின் கூலியாக, ஆள்வாரியாக, நாள்வாரியாக எழுதிக் கொடுத்தபின் நிறுவனம் பேச்சுக்கு வந்தது.

இந்த வழிக்கு ஒரு முன்கதை உண்டு. 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் கட்டடங்கள் எழுந்தபோது, மூன்று சமூக அறிவியலாளர்கள் களத்துக்குப் போய் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் அடிப்படையில் ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடிக்கும் ஜமேதார் எடுத்துக்கொண்டிருந்தார். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946இல் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர், அன்று தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த பாபாசாகேப் அம்பேத்கர். சமூகவியல் படிக்கும் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும்: ஒரு கள அறிக்கைதான் அந்த வழக்குக்கு விதை.

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். பாக்கியில் பெரும்பகுதி வந்தது. மேஸ்திரி கையில் கொடுத்து, போட்டோ எடுத்து, வெற்றி என்று கூட்டம் போட்டோம். இரண்டு மாதம் கழித்து அதே தெருவில் ஒரு அக்கா கேட்டார்: “பணம் வந்துடுச்சுன்னு மேடையில சொன்னீங்களே தம்பி, யாருக்கு வந்துச்சு?” விசாரித்தோம். மேஸ்திரி அடகு நகையை மீட்டிருந்தார், ஆண்களுக்குக் கொடுத்திருந்தார். நான்கு சித்தாள்களுக்கு, ‘அடுத்த சைட் பில் வந்ததும் தருகிறேன்’ என்று சொல்லியிருந்தார். மேலிருந்து அவர் கேட்ட அதே வாசகம். அவரை வில்லனாக்கிவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஆள்வாரியாகப் பட்டியல் எழுதிய நாங்களே, பணத்தை ஆள்வாரியாகக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒப்பந்ததாரர் நம்மவரை ஆள் கூட்டுபவராகப் பார்த்தது போலவே, நாங்களும் அந்தப் பெண்களை மேஸ்திரியின் ஆட்களாகத்தான் பார்த்திருக்கிறோம். பிறகு மறுபடி உட்கார்ந்து பேசி அந்த நால்வருக்கும் வாங்கிக் கொடுத்தோம். அதைக் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை. வேலை தொடங்கும் முன் ரேட்டும் அளக்கும் முறையும் ஒரு தாளிலாவது எழுதிக் கையெழுத்தாக வேண்டும். பில் வேறு, கூலி வேறு: கூலி பில்லுக்காகக் காத்திருக்கக் கூடாது, ஒவ்வொருவர் கணக்கிலும் நேராகச் சேர வேண்டும். ‘வந்தால்தான் தருவேன்’ என்ற நிபந்தனையைத் தடைசெய்யும் சட்டத்தைக் கேட்க வேண்டும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 20 பேருக்குப் பதிலாக 50 பேரிலிருந்துதான் பொருந்துகிறது. எங்கள் 23 பேர் இன்று அதற்கு வெளியே. கூலித் தொகுப்போ, வேலையளிப்பவர் தராவிட்டால் நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு என்கிறது. அந்த ஒரு வரியை நம்பிக்கையோடு பிடித்துக்கொண்டு வழக்குகள் நடத்த வேண்டும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சனிக்கிழமை மாலைகளில் கூலி பட்டுவாடா நடக்கும் சைட்டுகளுக்குப் போங்கள். யார், எத்தனை நாள், எவ்வளவு பாக்கி என்று எழுதுங்கள். சித்தாளின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள். அவருக்குப் பணம் சேர்ந்த பிறகுதான் கணக்கை அடிக்க வேண்டும்.