விமானத்துக்கும் காய்ச்சல் பார்க்கலாம்



தஞ்சோங் பகார் என்றதும் இங்குள்ள மூத்தவர்களுக்குத் துறைமுகமும் ரயில் நிலையமும் நினைவுக்கு வரும். நிலையம் 2011-ல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் காலத்து ரயில்வேயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கும் ஊழியர்கள் இருந்தார்கள். மண்சட்டி வாங்கும்போது நம் பாட்டிமார் செய்ததும் அதுதான். விமானத்தையும் இன்றுவரை அப்படித் தட்டிப் பார்க்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2016 முதல் பயன்படுத்திவரும் ஏர்பஸ் ஏ350 விமானத்தின் கட்டமைப்பு எடையில் சுமார் 53 விழுக்காடு கூட்டுப்பொருள். அதாவது, கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டி, சூட்டில் இறுக்கிய பொருள். எடை குறைவு, வலு அதிகம், துருப்பிடிக்காது. ஆனால் ஒரு குணம் கெட்டது. அலுமினியத்தில் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கிக் காட்டிக்கொடுக்கும். இதில் ஒரு கருவி கை தவறி விழுந்தாலும் மேல்தோல் பளபளப்பாகவே இருக்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே நோகும் ஆசாமி மாதிரி!

2005 மார்ச் 6-ஆம் தேதி கியூபாவின் வரடேரோவிலிருந்து கனடா புறப்பட்ட ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தில் 271 பேர் இருந்தார்கள். 35,000 அடி உயரத்தில் அதன் வால்பகுதிச் சுக்கான் ஏறக்குறைய முழுவதும் பிய்ந்து போனது. நல்லவேளை, விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. சுக்கான் கூட்டுப்பொருளால் ஆனது. கண்ணால் பார்ப்பதும் தட்டிப் பார்ப்பதும் போதாமல் இருக்கலாம் என்பது விசாரணையில் தெரிந்த முக்கியமான செய்தி.

இங்கேதான் அகச்சிவப்புக் கேமரா வருகிறது. அது நமக்குப் புதிதல்ல. 2003-ல் சார்ஸ் பரவியபோது, ராணுவத்தின் வெப்பக் கேமராவை மாற்றியமைத்துத்தான் சாங்கியில் பயணிகளுக்குக் காய்ச்சல் பார்த்தோம். மனிதனுக்குத் தானே சூடு உண்டு. நிற்கும் விமானத்துக்கு நாம்தான் சூடேற்ற வேண்டும். பலமான விளக்கை ஒரு கணம் மின்னவிட்டால் மேற்பரப்பு சில டிகிரி சூடாகும். நல்ல இடத்தில் அந்தச் சூடு உள்ளே இறங்கிவிடும். அடுக்கு பிரிந்த இடத்தில் காற்று இருக்கிறதே, அது சூட்டை இறங்கவிடாது. சப்பாத்தி உப்பிய இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் அந்த இடம் மட்டும் சற்று நேரம் வெளிச்சப் புள்ளியாக நிற்கும். புள்ளி தோன்ற எடுக்கும் நேரமே ஆழத்தைச் சொல்லிவிடும்: ஆழம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு.

தேன்கூடு போன்ற உள்ளமைப்புள்ள பாகங்களில் நீர் புகுந்திருந்தால் விளக்குகூட வேண்டாம். உயரத்தில் உறைந்த நீர், தரையிறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருக்கும். உடனே படமெடுத்தால் கரும்புள்ளியாகத் தெரியும். தாமதித்தால் சூடு சமமாகி எல்லாம் மறைந்துபோகும்.

இது சர்வரோக நிவாரணி அல்ல. தடித்த பாகங்களின் ஆழத்தில் உள்ள பிளவு சரியாகத் தெரியாது. அதற்கு மீயொலிச் சோதனைதான் வேண்டும். புள்ளி தெரிந்தாலும் அது பிளவா, பெயிண்ட் தடிப்பா, எதிரே நிற்பவரின் உடல்சூடு பளபளப்பில் பட்டுத் திரும்பியதா என்று பிரித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். அதற்கென மூன்று நிலைத் தகுதிச் சான்றுகள் இருக்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்த வேலையின் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.