நோய் வந்தபோது நான் கற்ற பாடம்

(கேலாங்கில் நடைபெற்ற அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நோய் குறுக்கிடும்போது மனம் கோணாமல் அதை ஏற்பது எப்படி என்று பேசும்படி நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். ஆயினும் இந்தப் பாடத்தின் முதல் தேர்வில் நான் தேர்ச்சி பெறவில்லை. அந்தக் கதையைத்தான் முதலில் சொல்லப்போகிறேன்.

2019-ஆம் ஆண்டு, 62 வயதில் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் 276 என்பது நீங்கள் அறிந்ததே. அவை அனைத்தையும் தரிசித்துவிட வேண்டும், ஆண்டுக்கு இரண்டு பயணம், எழுபது வயதுக்குள் முடிக்க வேண்டும் என்று வரைபடம் போட்டு வைத்திருந்தேன். முதல் பயணத்தில் காவிரிக் கரையில் 31 தலங்களைத் தரிசித்தேன். 2020-இல் கொவிட்-19 வந்தது. கோயில்களின் கதவுகளே நமக்கு மூடப்பட்டன. அப்போது நான் அவ்வளவாக வருந்தவில்லை. ஊருக்கெல்லாம் வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. தனக்கு மட்டும் வருவதைத் தாங்குவதுதான் கடினம் என்பது பின்னால்தான் தெரிந்தது.

2022 இறுதியில் மீண்டும் பயணச்சீட்டு வாங்கினேன். புறப்படுவதற்கு முன் கால்கள் வீங்கின. படியேறினால் மூச்சு வாங்கியது. இரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர், இரு சிறுநீரகங்களும் ஏறத்தாழ நின்றுவிட்டன என்றார். இருபது ஆண்டுச் சர்க்கரை நோய். “வலி ஒன்றும் இல்லையே” என்று நான் அலட்சியமாக இருந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்வதற்கில்லை. அதன்பின் வாரம் மும்முறை, செவ்வாய், வியாழன், சனி, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு. பயணச்சீட்டு மேசை இழுப்பறையிலேயே கிடந்தது.

இதை நான் கோயிலில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரக்கப்படுவார்கள், பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம். 2023 பிப்ரவரி 18, மகா சிவராத்திரி, சனிக்கிழமை. நான்கு கால பூசைக்கும் அன்னதானப் பணிப் பட்டியல் என் பொறுப்பு. எந்தக் காலத்துக்கு யார் காய் நறுக்குவது, யார் பரிமாறுவது, பால் எத்தனை மணிக்கு வரும், எல்லாம் என் நோட்டுப் புத்தகத்தில் மட்டுமே இருந்தன. அன்று சுத்திகரிப்பின்போது இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தவன் எழவில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததாம்.

இரவு ஒன்பது மணிக்கு என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கிடந்த நிலையைப் பார்த்தார். “சார், உடம்பு முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வேலை செய்ய இருபது பேர் நிற்கிறோம். யாருக்கு என்ன வேலைன்னுதான் தெரியலை” என்றார். நோட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடினார். ஆனாலும் அன்றிரவு முதியவர்கள் பலர் உணவுக்கு நெடுநேரம் காத்திருந்தார்கள். நான் பொறுமை என்று நினைத்தது வெறும் அகந்தை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அன்பர்களே, அப்பர் பெருமான் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். படுக்கையில் இருந்தபோது பெரிய புராணத்தை மீண்டும் எடுத்தேன். சூலை நோய் தாங்க முடியாத நிலையில் அவர் முதலில் செய்தது என்ன? சமையற்காரர் ஒருவரைத் திருவதிகைக்கு அனுப்பித் தம் தமக்கை திலகவதியாரிடம் தம் நிலையைச் சொல்லச் சொன்னார். பிறகு தாமே அவர் காலடியில் போய் விழுந்தார். அவர் கொடுத்த திருநீற்றைப் பெற்றுக்கொண்டார். நோயை மறைக்கவில்லை, உதவி கேட்க வெட்கப்படவில்லை. அந்தச் சமையற்காரர் வரும் இடத்தை நான் வகுப்பில் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். எனக்குரிய பாடம் அங்கேதான் இருந்திருக்கிறது.

அதே அப்பர் முதிய வயதில் கயிலைக்கு நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், புரண்டும் சென்றார். உடல் ஒத்துழைக்கவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கும்படி இறைவன் ஆணையிட, மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே ஆணும் பெண்ணுமாக வந்த விலங்குகளிலும் பறவைகளிலும் சிவமும் சக்தியுமாகக் கண்டார். கயிலைக் காட்சி பெற்றார். ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் இதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள். மலை ஏறி முடிக்கவில்லையே என்று இறைவன் அவரைக் கைவிடவில்லை. அவர் திட்டமிட்ட இடத்தில் கிடைக்காதது, திருப்பி அனுப்பப்பட்ட இடத்தில் கிடைத்தது.

நம் வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. கேலாங் ஈஸ்ட்டில் இருக்கும் சிவன் கோயில் முன்பு ஆர்ச்சர்ட் சாலையில் இருந்தது. எம்.ஆர்.டி. நிலையப் பணிக்காக 1983-இல் இடம்பெயர்ந்து, சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயிலுக்கு அருகே தற்காலிக இடத்தில் இருந்து, 1993-இல் இங்கே குடமுழுக்குக் கண்டது. அந்தப் பத்தாண்டுக் காலமும் தற்காலிக இடத்திலேயே வழிபாடு தொடர்ந்தது. காத்திருக்கும் காலமும் வழிபாட்டுக் காலந்தான்.

இனி, அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நோய் வந்தால் உடன் பணியாற்றுவோரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். பொறுப்பை ஒப்படைப்பதும் தொண்டுதான். இப்போது நம் பணிப் பட்டியல் மூவரிடம் இருக்கிறது. நான் இல்லாமலே அன்னதானம் நடக்கிறது. உண்மையைச் சொன்னால், முதல் முறை அதைப் பார்த்தபோது மகிழ்ச்சியோடு சிறிது வருத்தமும் இருந்தது.

இரண்டாவது, செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். சுத்திகரிப்புக்காக என் இடக் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் அண்டா தூக்க முடியாது, பால்குடம் ஏந்த முடியாது. ஆனால் உட்கார்ந்து பாடம் சொல்ல முடியும். ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் வாரம் ஒரு தலத்தை எடுத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் என் பழைய வரைபடத்தில் அந்த ஊரைக் குறிக்கிறார்கள், பதிகத்தைப் பாடுகிறோம். என் கால் பட்ட 31 தலங்களோடு சேர்த்து இதுவரை 104 தலங்கள் ஆகியிருக்கின்றன.

மூன்றாவது, நலமாக இருப்பவர்களுக்கு. நோயாளியை உண்ணும்படி வற்புறுத்தாதீர்கள். எங்களைப் போன்றோர்க்கு வாழைப்பழம், இளநீர் போன்றவற்றில் உள்ள பொட்டாசியம் இதயத்துக்கே கேடாகலாம். தண்ணீருக்கும் அளவு உண்டு. பஞ்சாமிர்தத்தை நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேரனிடம் கொடுத்துவிடுகிறேன். ஆசை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் கெடும்போது பெரும்பாலும் வலிக்காது. இதை என் அனுபவமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாள் காலையும் இடக் கையில் விரலை வைத்து, இரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்க்கும்படி தாதியர் சொல்லிக்கொடுத்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் திருநீறு எடுத்துக்கொள்கிறேன். அந்த அதிர்வு இருந்தால் இன்னொரு நாள் கொடுத்திருக்கிறான் என்று பொருள். அந்த நாளில் யாருக்கு என்ன செய்யலாம் என்பதே இப்போது என் திட்டம். அதற்கு மேல் நான் வரைபடம் போடுவதில்லை.

நோயுற்றோர்க்கு மனத்திடத்தையும், அவர்களைப் பேணுவோர்க்குப் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக என்று வேண்டி அமர்கிறேன். 

திருச்சிற்றம்பலம்.