காட்டுப் பீன்சும் வீட்டுப் பீன்சும்
(மலைப்பகுதி உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நீலகிரியிலும் கொடைக்கானலிலும் நீங்கள் பயிரிடும் பீன்ஸ் நமது அவரைக்குத் தூரத்து உறவுதான். ஆனால் பிறந்த மண் வேறு. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492-இல் கொலம்பஸ் அங்கே சென்று சேர்ந்த பிறகே பிற நாடுகளுக்கு வந்தது.

அதன் காட்டுச் செடி மெக்சிகோ முதல் வட அர்ஜென்டினா வரை மலைச்சரிவுகளில் இன்றும் கொடியாகப் படர்ந்திருக்கிறது. விதை மிகச் சிறியது. காய் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைச் சிதறிவிடும். விதைத்தோல் கடினமாக இருப்பதால் எல்லா விதைகளும் ஒன்றாக முளைப்பதில்லை. காட்டில் பிழைக்க இவையெல்லாம் உதவும். அறுவடை செய்பவருக்கோ தொல்லை. சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த மக்கள் இதைப் பயிராக்கத் தொடங்கினர். வெடித்த காயின் விதை மண்ணோடு போயிற்று. வெடிக்காத காயே வீடு வந்தது. அதையே மறுபடி விதைத்தார்கள்.

இது ஒரே இடத்தில் நடக்கவில்லை. மெக்சிகோப் பகுதியில் ஒரு முறையும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தனியாக ஒரு முறையும் நடந்தது. சிறிய விதை இரகங்கள் பெரும்பாலும் முன்னதைச் சேர்ந்தவை; பெரிய விதை இரகங்கள் பின்னதைச் சேர்ந்தவை. இவ்விரண்டையும் ஒட்டுச் சேர்த்தால் சில வேளை குன்றிப்போன செடிதான் கிடைக்கும். அவ்வளவு காலம் பிரிந்திருந்த உறவு!

பொறுக்கி எடுத்தது சில செடிகளை மட்டுமே. விட்டுவந்தவற்றில் என்ன இருந்தது என்பது 1980-களில் தெரிந்தது. சேமித்த பீன்ஸ் விதையைத் துளைக்கும் வண்டை எதிர்க்கும் இரகம் தேடி, கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் ஆயிரக்கணக்கான பயிர் இரகங்களைச் சோதித்தார்கள். சொல்லும்படியான எதிர்ப்புச் சக்தி எதிலும் இல்லை. மெக்சிகோவின் காட்டு விதைகள் சிலவற்றில் இருந்தது! அந்த விதையைத் தின்ற புழு வளர முடியாமல் மடிந்தது. காரணமான புரதத்துக்கு, மெக்சிகோவிலுள்ள ஆர்சேலியா என்ற ஊரின் பெயரால் ஆர்சலின் என்று பெயரிட்டார்கள். பிறகு காட்டுச் செடியோடு பயிர் இரகத்தைக் கலந்து, மறுபடி மறுபடி பயிர் இரகத்தோடே சேர்த்து, வண்டை எதிர்க்கும் நல்ல விதைகளை உருவாக்கினார்கள். பீன்சைத் தாக்கும் இன்னொரு வகை வண்டிடம் இந்தப் புரதம் அவ்வளவாகப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மையத்தில் இப்போது சுமார் 37,000 பீன்ஸ் விதை மாதிரிகள் குளிரில் பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் உங்கள் பாட்டி காலத்துக் கொடி பீன்ஸ் உங்கள் வீட்டுப் பானையில் மட்டும் இருக்கலாம். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆகவே இரகம் எளிதில் கலக்காது. கரும்புள்ளிக் குழி விழுந்த காய்களை விதைக்கு எடுக்காதீர்கள். நோய் விதையோடு வரும். நன்கு உலர்த்தி, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். அதில் ஒரு பிடியை அருகிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கொடுங்கள். ஊர், விதைக்கும் பட்டம், விதையின் நிறம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பெயர் மறந்துபோன விதையானாலும் கொடுக்கலாம்.